சூரியக் குடும்பமும் புவியும்: போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

ஆறாம் வகுப்புப் பாடம்தானே என்று சூரியக் குடும்பத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. பாடம் கடினமில்லை, உண்மைதான். ஆனால் இதில் வரும் விவரங்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். சூரியனுக்கு அருகில் இருப்பது ஒரு கோள், மிகச் சூடானது வேறொரு கோள். புவியின் சாய்வு 23½ பாகை என்றும் படித்திருப்பீர்கள், 66½ பாகை என்றும் படித்திருப்பீர்கள். கேள்வித்தாள் அமைப்பவர் கை வைப்பது சரியாக இந்த இரட்டைகளில்தான். மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். காரணம் தெரிந்தவருக்கு இரண்டும் தனித்தனியாக நிற்கும். அதனால் கீழே எண்களைவிடக் காரணங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

படி 1: கோள்களின் வரிசையைக் கிழமையிலிருந்து எடுங்கள்

வரிசை இது: புதன், வெள்ளி, புவி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு தொல்லை. ஐந்து கோள்களின் பெயர் கிழமைப் பெயராகவும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிய 'செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி' என்ற வரிசை அவசரத்தில் முந்திக்கொண்டு வரும். நான்காவது கோள் எது என்று கேட்டால் கை வெள்ளிக்குப் போய்விடும்.

அந்தக் கிழமைகளையே உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமையில் தொடங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாளாகச் சொல்லுங்கள்: புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி. இப்போது ஞாயிறை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புவியை வையுங்கள். கோள்களின் வரிசை வந்துவிட்டது. கடைசியில் யுரேனஸ், நெப்டியூன் சேர்த்தால் எட்டு.

இது தற்செயலாக அமைந்ததில்லை. புவியை நடுவில் வைத்துக் கணக்குப் போட்ட பழைய வானியலில், வேகமாக நகர்வதிலிருந்து மெதுவாக நகர்வது வரையிலான வரிசை நிலா, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. இதைத் தலைகீழாகத் திருப்பி, நாளின் 24 மணி நேரத்துக்கும் மணிக்கு ஒன்றாகப் பங்கிட்டார்கள். தினசரிக் காலண்டரின் பின்பக்கம் இருக்கும் ஓரை அட்டவணை அதுதான். 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் மறுநாளின் முதல் ஓரை மூன்று இடம் தள்ளிப் போகிறது. முதல் ஓரை எதனுடையதோ அதுவே அந்தக் கிழமையின் பெயர். சூரியன் இருந்த இடத்தில் புவியை வைப்பது 1543-ல் கோபர்நிகஸ் செய்த மாற்றமேதான்.

ஜோதிடத்தின் நவக்கிரகப் பட்டியலை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அதில் சூரியனும் நிலாவும் இருக்கின்றன, புவி இல்லை.

படி 2: தொலைவை ஒரு தெருவில் போட்டுப் பாருங்கள்

கோடி கிலோமீட்டர் என்றால் யார் மனதிலும் எதுவும் பதியாது. ஒரு கால்பந்தைத் தரையில் வையுங்கள், அது 22 செ.மீ. குறுக்களவுள்ள சூரியன். புவி 2 மி.மீ. கடுகு. அந்தக் கடுகை வைக்க வேண்டிய இடம் பந்திலிருந்து 23½ மீட்டர் தள்ளி, ஏறக்குறைய இரண்டு பேருந்து நீளம். நிலா ஒரு ரவைத் துகள், கடுகிலிருந்து 6 செ.மீ. தூரத்தில். வியாழன் ஒரு சின்ன நெல்லிக்காய், 122 மீட்டரில். நெப்டியூன் ஒரு கொண்டைக்கடலை, தெருவைத் தாண்டி 700 மீட்டரில். சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி ஒரு சின்ன எலுமிச்சை. பந்து சென்னையில் இருந்தால் எலுமிச்சை இருக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட டோக்கியோ.

இந்தப் படம் மனதில் இருந்தால் எண்கள் அதன் மேல் உட்காரும். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13.9 லட்சம் கி.மீ., புவியைப் போல் 109 மடங்கு. 109-ஐ மூன்று முறை பெருக்கினால் (109 × 109 × 109) ஏறக்குறைய 13 லட்சம். சூரியனுக்குள் 13 லட்சம் புவிகள் அடங்கும் என்று பாடநூல்கள் சொல்வது இந்தப் பெருக்கல்தான். விட்டத்தையும் கன அளவையும் குழப்பி 109-க்கும் 13 லட்சத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

புவிக்கும் சூரியனுக்கும் இடையே சராசரியாக 15 கோடி கி.மீ. இதற்கு ஒரு வானியல் அலகு என்று பெயர். ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகிறது. 15 கோடியை 3 லட்சத்தால் வகுத்தால் 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒளியாண்டு என்பதில் ஆண்டு இருந்தாலும் அது தொலைவின் அலகு, காலத்தின் அலகு இல்லை. ஓர் ஒளியாண்டு ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கி.மீ.

படி 3: சுழல்வதும் சுற்றுவதும்

தன் அச்சில் திரும்புவது சுழலுதல், அதில் நாள் பிறக்கிறது. சூரியனை வலம் வருவது சுற்றுதல், அதில் ஆண்டு பிறக்கிறது. கேள்வியைப் படிக்கும்போது இந்தச் சொல்லின் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு விடைகளைப் பாருங்கள்.

சூரியனைச் சுற்றும் காலம்: புதன் 88 நாள், வெள்ளி 225 நாள், புவி 365¼ நாள், செவ்வாய் 687 நாள், வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டு, சனி 29½ ஆண்டு, யுரேனஸ் 84 ஆண்டு, நெப்டியூன் ஏறக்குறைய 165 ஆண்டு. தொலைவு கூடினால் காலமும் கூடும், விதிவிலக்கே இல்லை. கெப்ளரின் மூன்றாம் விதி இதைக் கணக்காகவே தருகிறது. தொலைவை வானியல் அலகில் எடுத்து மூன்று முறை பெருக்கினால், அது ஆண்டுக் கணக்கின் வர்க்கத்துக்குச் சமம். வியாழனின் தொலைவு 5.2. மூன்று முறை பெருக்கினால் 140.6, அதன் வர்க்கமூலம் 11.86. விடை மறந்துபோனாலும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

சுழலும் காலத்தில் இப்படி ஒழுங்கு எதுவும் இல்லை. இவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். மிகப் பெரிய வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுழற்சியை முடித்துவிடுகிறது, கோள்களில் இதுவே வேகம். வெள்ளிக்கு 243 நாள் ஆகிறது, அதன் ஆண்டைவிட அதிகம். வெள்ளியும் யுரேனஸும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்கின்றன. வெள்ளியில் நின்று பார்த்தால் சூரியன் மேற்கில் உதிக்கும். யுரேனஸின் அச்சு 98 பாகை சாய்ந்திருப்பதால் அது படுத்து உருளுவதுபோல் சூரியனைச் சுற்றுகிறது.

படி 4: 'மிக' என்று தொடங்கும் கேள்விகள்

மிக அருகில் புதன், மிகச் சூடு வெள்ளி. புதனில் சொல்லும்படியான வளிமண்டலம் கிடையாது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விட்டுவிடும். வெள்ளியின் காற்றில் 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. வந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் ஏறக்குறைய 465 பாகை செல்சியஸில் நிற்கிறது. பசுமை இல்ல விளைவுக்கு இதைவிடப் பெரிய சான்று சூரியக் குடும்பத்தில் இல்லை. விடிவெள்ளி என்றும் மாலை வெள்ளி என்றும் அழைக்கப்படுவதும் இதே கோள்தான். விண்மீன் என்று விடை எழுதிவிடாதீர்கள்.

புவியின் இரட்டை என்றால் வெள்ளி, ஏனென்றால் அளவு ஒத்துப்போகிறது. 'நாளின் நீளமும் அச்சின் சாய்வும் புவியை ஒத்த கோள்' என்றால் செவ்வாய். அதன் நாள் 24 மணி 37 நிமிடம், சாய்வு 25 பாகை. அடர்த்தியில் முதலிடம் புவிக்கு, கன செ.மீ.க்கு 5.5 கிராம். கடைசி சனி, 0.69 கிராம், தண்ணீரைவிடக் குறைவு. வளையம் சனிக்கு மட்டும் என்று எழுதினால் தவறு. வெளிக்கோள்கள் நான்குக்குமே வளையம் உண்டு, எளிதில் தெரிவது சனியுடையது. துணைக்கோள்களில் பெரியது வியாழனின் கனிமீடு, அடுத்தது சனியின் டைட்டன். இரண்டுமே புதனைவிடப் பெரியவை.

படி 5: மாறிக்கொண்டே இருக்கும் எண்களுக்குத் தனிப் பக்கம்

நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த ஆண்டின் கணக்கு என்றும் எழுதுங்கள்.

துணைக்கோள் எண்ணிக்கை இதில் முதலாவது. பழைய புத்தகங்களில் அதிகத் துணைக்கோள் உள்ள கோள் வியாழன் என்று இருக்கும். 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே அடியாக 128 புதிய துணைக்கோள்கள் ஏற்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. இனி வியாழன் எட்டிப்பிடிப்பது கடினம். புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோள் இல்லை, செவ்வாய்க்கு போபோஸ், டெய்மோஸ் என இரண்டு. இவை மாறாது.

புளூட்டோ 1930-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் வகையில் சேர்த்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையிலிருந்த மற்ற பொருள்களை அகற்றியிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளில் புளூட்டோ தோற்றது மூன்றாவதில். அந்த ஒன்றியம் ஏற்ற குறுங்கோள்கள் ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மேக்மேக், ஏரிஸ். இவற்றில் சீரிஸ் மட்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் இருக்கிறது.

பாடநூல் எண்ணும் இன்றைய எண்ணும் வேறுபட்டால் என்ன செய்வது? முதலில் கொடுக்கப்பட்ட விடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் அங்கே இருக்கும். இரண்டுமே இருந்தால், கேள்வியில் ஆண்டு எதுவும் குறிப்பிடாதபோது உங்கள் பாடத்திட்டத்துக்குரிய நடப்புப் பாடநூலைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

படி 6: சாய்வு, பருவம், அயனம்

புவியின் அச்சு, சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 23½ பாகை சாய்ந்திருக்கிறது. அதையே சுற்றுப்பாதைத் தளத்திலிருந்து அளந்தால் 66½ பாகை. இரண்டையும் கூட்டினால் 90. கேள்வி எதிலிருந்து அளக்கச் சொல்கிறது என்று பார்த்தால் போதும்.

பருவங்கள் மாறுவதற்குச் சூரியனின் தொலைவு காரணம் இல்லை. புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கி.மீ. இது அண்மை நிலை. மிகத் தொலைவுக்குப் போவது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கி.மீ. இது சேய்மை நிலை. அருகில் இருக்கும் ஜனவரியில்தான் நமக்கு மார்கழி, தைக் குளிர். சாய்வுதான் காரணம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிப் பகலும் இரவும் சமம், சூரியன் நிலநடுக்கோட்டின் உச்சியில். ஜூன் 21-ல் கடகரேகையின் உச்சியில், வட அரைக்கோளத்தில் நீண்ட பகல். டிசம்பர் 22-ல் மகரரேகையின் உச்சியில். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் ஜூன் 21 நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. வடக்கே போகப் போகத்தான் அது பெரிதாகும்.

தமிழ்நாட்டு மாணவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. உத்தராயணம் தை முதல் நாள் தொடங்குவதாகப் பஞ்சாங்கம் சொல்லும். வானில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். இந்த இடைவெளிக்குக் காரணம் புவியின் அச்சு பம்பரம்போல் மெதுவாகத் தள்ளாடுவது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு, ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. புவியியல் தாளில் டிசம்பர் தேதியைத்தான் எழுத வேண்டும்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தமிழ்நாடு முழுவதும் இந்த எல்லைக்குள் இருக்கிறது. சென்னைக்கு அந்த நாள்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகியவற்றை ஒட்டி. அன்று மதியம் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில், மொட்டைமாடியில் நேராக நிறுத்திய ஒரு குழாய்த் துண்டின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். டெல்லியில் இதை என்றைக்கும் பார்க்க முடியாது.

படி 7: நேரக் கணக்கு

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்த '4 நிமிடம்' ஒன்று போதும். கிழக்கே போனால் கூட்டல், மேற்கே போனால் கழித்தல்.

இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்தது. 82½ × 4 = 330 நிமிடம், 0 பாகையிலுள்ள கிரீன்விச்சின் நேரத்தைவிட நாம் முந்தியிருக்கும் 5½ மணி அதுவே. சென்னை ஏறக்குறைய 80¼ பாகையில் இருக்கிறது. 80¼ × 4 = 321 நிமிடம், 5 மணி 21 நிமிடம். 1792-ல் சென்னையில் அமைந்த வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட இந்த 'மெட்ராஸ் நேரம்'தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்களின் நேரம். இரண்டுக்கும் 9 நிமிட வித்தியாசம். சென்னையின் நண்பகல் சராசரியாக 12.09-க்கு வருவது அதனால்தான்.

வழக்கமான பிழை பாகைக்குக் கீழே உள்ள கலையில் நடக்கும். 82°30' என்பதை 82.30 என்று எழுதிப் பெருக்கினால் விடை கெட்டுவிடும். 60 கலை ஒரு பாகை. ஆகவே 30 கலை 0.5 பாகை, 15 கலை 0.25 பாகை. பெருக்குவதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 8: நிலாவும் கிரகணமும்

நிலாவின் தொலைவு 3,84,400 கி.மீ., ஈர்ப்பு புவியில் ஆறில் ஒரு பங்கு. புவியைச் சுற்ற 27.3 நாள், தன் அச்சில் சுழலவும் அதே 27.3 நாள். அதனால்தான் ஒரே முகம் தெரிகிறது. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29½ நாள். அந்த இரண்டு நாள் கூடுதல், அதற்குள் புவியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் வருவது.

சூரிய கிரகணம் அமாவாசையில், நடுவில் நிலா. சந்திர கிரகணம் பௌர்ணமியில், நடுவில் புவி. எல்லா மாதமும் வராததற்குக் காரணம் நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பது. சூரியன் போகும் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகளின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ அமைந்தால்தான் கிரகணம். ராகு, கேது என்று நம் முன்னோர் பெயரிட்டது அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கு. பாம்பை விட்டுவிட்டால் கணக்கு சரியானதே.

படி 9: புவிக்கு உள்ளேயும் மேலேயும்

உள்ளே மூன்று அடுக்கு: மேலோடு, கவசம், கருவம். கன அளவில் முறையே 1, 84, 15 விழுக்காடு. மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையே மோஹோ எல்லை, கவசத்துக்கும் கருவத்துக்கும் இடையே ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழத்தில் குட்டன்பர்க் எல்லை, வெளிக் கருவத்துக்கும் உட்கருவத்துக்கும் இடையே லெஹ்மன் எல்லை. வெளிக் கருவம் திரவம் என்று எப்படித் தெரிந்தது? நிலநடுக்கத்தின் இரண்டாம் நிலை அலைகள் திரவத்தின் வழியே போகாது. அவை கருவத்தைக் கடந்து மறுபக்கம் வருவதில்லை. அந்தத் திரவ இரும்பின் ஓட்டத்தால்தான் புவிக்குக் காந்தப்புலம்.

மேலோட்டில் மிகுதியான தனிமம் ஆக்சிஜன், ஏறக்குறைய 46 விழுக்காடு. மேலோட்டில் மிகுதியான உலோகம் அலுமினியம். முழுப் புவியில் மிகுதியான தனிமம் இரும்பு. மூன்றும் மூன்று கேள்வி.

வளிமண்டலத்தில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21 விழுக்காடு. அடுக்குகள் கீழிருந்து மேலாக: கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு. முதல் நான்கில் உயரத்துக்கேற்ப வெப்பம் குறையும், கூடும், குறையும், கூடும். மீள் அடுக்கில் கூடுவதற்குக் காரணம் ஓசோன் புறஊதாக் கதிரை உறிஞ்சுவது. ஜெட் விமானம் பறப்பது மீள் அடுக்கு என்பதே தேர்வு விடை. உண்மையில் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரம். நிலநடுக்கோட்டுப் பக்கம் கீழடுக்கே 16 முதல் 18 கி.மீ. வரை இருக்கும். நம் ஊர் வானில் அது பெரும்பாலும் கீழடுக்கில்தான் பறக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், விடைத்தாளில் வாதாட வேண்டாம்.

படி 10: இந்திய விண்கலங்கள்

சந்திரயான்-1 ஏவியது 2008 அக்டோபர் 22, திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. மங்கள்யான் ஏவியது 2013 நவம்பர் 5, செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது 2014 செப்டம்பர் 24. சந்திரயான்-3 ஏவியது 2023 ஜூலை 14, தரையிறங்கியது ஆகஸ்ட் 23. அந்த நாள்தான் தேசிய விண்வெளி நாள். அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 ஏவியது 2023 செப்டம்பர் 2, திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி. அது சூரியனுக்கு அருகில் போகவில்லை. புவியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் நிற்கிறது, மொத்தத் தொலைவில் நூற்றில் ஒரு பங்கு. ஏவிய நாள், சேர்ந்த நாள் என்று இரண்டு தேதிகளையும் பக்கம் பக்கமாக எழுதிப் படியுங்கள். தவறான விடைகளில் ஒன்று எப்போதும் அந்த இன்னொரு தேதியாகவே இருக்கும்.

இவ்வளவும் படித்த மறுநாள் காலை, புத்தகத்தைத் திறக்காமல் ஒரு வெள்ளைத்தாளில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் கிழமைகளை எழுதி, ஞாயிறை அடித்துப் புவியைப் போட்டு, ஒவ்வொரு கோளின் கீழும் சுற்றும் காலம், சுழலும் காலம், அதற்கே உரிய ஒரு 'மிக' ஆகிய மூன்றை நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்களைச் சிவப்பு மையில் நிரப்பி, அடுத்த நாள் அவற்றை மட்டும் பாருங்கள்.